ஆண் ஆமை இல்லன்னாலும் முட்டை வரும், தயவுசெஞ்சு கடல்ல விடாதீங்க

கீழக்கரை, மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் சுத்துது. வீட்ல வளர்க்குற சிவப்புக்காது ஆமை சாப்பிடாம கால உதைச்சா சீக்காம், ஆண் ஆமை இல்லாததால முட்டையா இருக்காதாம், கடல்ல விட்டா உப்புத்தண்ணில சரியாயிருமாம். இது தப்புங்க.

சேவல் இல்லாம கோழி முட்டை போடுதுல்ல, பெண் ஆமையும் அப்படித்தான், குஞ்சு மட்டும் வராது. முட்டை சுமக்கறப்ப இரை குறையும், தொட்டிய விட்டு ஏறப் பாக்கும், பின்னங்காலால தோண்டிக்கிட்டே இருக்கும், நம்ம தனுஷ்கோடி மணல்ல பங்குனி ஆமைங்கிற கடல் ஆமை ராத்திரில முட்டை போட குழி பறிக்குமே அதே மாதிரி. ஒரு ஜாண் ஆழத்துக்கு ஈர மணல் போட்டு தொந்தரவு பண்ணாம விடுங்க.

கண்ணு வீங்கி ஒட்டிக்கிறது, மூக்குல குமிழி, வாயத் தொறந்து மூச்சு விடுறது, ஒரு பக்கமா சாஞ்சு நீந்துறது, இதான் நோய். தோண்டிக்கிட்டு இருந்தது திடீர்னு சோர்ந்து கெடந்தா முட்டை உள்ள சிக்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து, நாள் கடத்தாம கால்நடை டாக்டர்கிட்ட போங்க, எக்ஸ்ரே எடுத்தா முட்டை ஓடு வரிசையா தெரிஞ்சிரும்.

அது நன்னீர் ஆமை, கடல் தாங்காது பாவம். ஊருணியிலயும் விடாதீங்க, நம்ம ஊர் ஆமையோட இரைக்கு போட்டியா வந்துரும். அந்த வாய்ஸ் நோட்ட இனி யாருக்கும் அனுப்பாதீங்க, வந்த குரூப்லயே இதப் போட்டு விடுங்க.