ஒரே ஓவியத்துக்கு ஒரு முழு வகுப்பு

கலை வரலாறு கற்பிப்பதைப் பற்றிச் சென்ற வாரம் நடந்த கருத்தரங்கில், ஒரே ஓவியத்தில் வகுப்பை நிறுத்திவைக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களை ஒரு மூத்த பேராசிரியர் கேலி செய்தார், அரங்கம் சிரித்தது. பெயர் சொல்லாமல்தான் பேசினார். ஆனாலும் “ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்டியே வகுப்பை ஓட்டிவிடுகிறவர்கள்” என்றால் யார் என்று புரியாதவர்கள் அங்கே எவரும் இல்லை. ஆம், ஒரே ஓவியத்துக்கு ஒரு முழு வகுப்பைக் கொடுக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் ஏதும் இல்லை.

அவர் பரிந்துரைக்கும் வழி நமக்குப் புதிதல்ல. இம்ப்ரெஷனிசம், கியூபிசம், டாடாயிசம், சர்ரியலிசம் என்று கலை இயக்கங்களை, அதாவது இசங்களை, அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு, இரண்டு பெயர், ஒரு ஸ்லைடு. இந்த அடுக்கின் மிகப் புகழ்பெற்ற வடிவம், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஆல்ஃபிரட் பார் 1936இல் ஒரு கண்காட்சிக்காக வரைந்த விளக்கப்படம். மேலே 1890, கீழே 1935, இடையில் எதிலிருந்து எது வந்தது என்று காட்டும் அம்புக்குறிகள். ஜப்பானிய அச்சோவியங்களும் ஆப்பிரிக்கச் சிற்பங்களும் சிவப்புக் கட்டங்களுக்குள் நின்று ஐரோப்பாவுக்குக் கைகொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். பெயர் குறிப்பிடப்பட்ட கலைஞர்களில் ஒரு பெண்கூட இல்லை. ஒரு கண்காட்சிக்குத் துணையாக அவர் வரைந்ததை நாம் வரலாறாகவே எடுத்துக்கொண்டு, மனப்பாடம் செய்வித்து, மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டிருக்கிறோம். 1906இலேயே அரூப ஓவியங்களை, அதாவது எந்த உருவத்தையும் சித்திரிக்காத ஓவியங்களை, தொடங்கிவிட்ட ஸ்வீடன் பெண் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட், இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1986இல்தான் ஒரு பெரிய கண்காட்சியில் பரவலாக அறியப்பட்டார். அவரை அந்த அம்புக்குறிகளில் எங்கே செருகுவது?

சரி, அரங்கத்தைச் சிரிக்க வைத்த கறுப்புச் சதுரத்துக்கு வருகிறேன். பட்டியல்படி அது ‘மாலேவிச், சுப்ரமாட்டிசம், 1915’: ஒரு ரஷ்ய ஓவியர், வெறும் வடிவங்களையும் நிறங்களையும் கொண்ட அவருடைய கலை இயக்கம், ஓர் ஆண்டு. மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் படித்தேன். அச்சிட்ட குறிப்பேட்டில் தபால்தலை அளவுக்கு ஒரு மைக்கறை இருக்கும், அதன் கீழே ஆண்டு. ஆனால் அந்த ஓவியத்துக்கு மாலேவிச் தாமே இட்ட தேதி 1913. அந்த ஆண்டில் ஓர் இசை நாடகத்துக்கு மேடைத்திரை வடிவமைத்தபோதே அது கருக்கொண்டுவிட்டது என்பது அவர் வாதம். ஒரு கலைஞர் தம் படைப்பின் ஆண்டை ஏன் பின்னுக்கு நகர்த்தினார், யாரை முந்திக்கொள்ள நினைத்தார் என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் கலை வரலாறு தொடங்குகிறது. 1915 டிசம்பரில் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கண்காட்சியில், ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் மாட்டப்படும் மேல்மூலையில் அதை ஏன் மாட்டினார் என்பது அடுத்த கேள்வி.

பிறகு படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவேன். கறுப்பு முழுக்க விரிசல்கள், விரிசல்களின் இடுக்கில் வேறு நிறங்கள். ஒருமுறை, வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, “அடியில் பூசியது காய்வதற்குள் மேலே பூசிவிட்டாரா?” என்று கேட்டாள். ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் கேட்கும் கேள்வி அது. கறுப்புக்கு அடியில் வண்ண ஓவியங்கள் இரண்டு இருப்பதாக மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் கலைக்கூடம் 2015இல் எக்ஸ்ரே ஆய்வுக்குப் பின் அறிவித்தது. அதை நான் சொல்வதற்கு முன்பே தன் கண்ணால் பாதி தூரம் வந்துவிட்டாள். இதைத்தான் ‘ஓட்டுவது’ என்கிறார்கள்.

“பாடத்திட்டத்தை யார் முடிப்பது?” என்பீர்கள். நியாயம்தான், கடைசி வாரங்களில் திணறுகிறேன், மறுக்கவில்லை. “முதலில் வரைபடம் கையில் இருந்தால்தானே ஊருக்குள் போக முடியும்?” என்றும் கேட்கலாம். போகலாம். வரைபடத்தைக் கையில் கொடுத்த கையோடு வகுப்பைக் கலைத்துவிடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் “இதெல்லாம் மேட்டிமைத்தனம், சாதாரண மாணவருக்கு எளிமையாகச் சொன்னால் போதும்” என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு படத்தைப் பொறுமையாகப் பார்க்க எந்தப் பின்புலமும் தேவையில்லை. கண்ணும் நேரமும் போதும். உண்மையில், மாணவரால் இவ்வளவுதான் முடியும் என்று முன்கூட்டியே முடிவுகட்டி, ஆண்டையும் பெயரையும் ஊட்டிவிட்டு அனுப்புவதுதான் மேட்டிமைத்தனம். எளிமை என்ற பெயரில் இத்தனை ஆண்டுகளாக நடப்பது அதுதான். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிச் சிரித்துக்கொள்ளட்டும். அந்த மாணவி கேட்டதைப் போல ஒரு கேள்வி தங்கள் வகுப்பில் என்றைக்குக் கேட்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும்.

கலையைப் பற்றி எழுதும்போதும் இதே கதைதான். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் கலைப்படைப்பாகச் சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 2019இல் மயாமியில் 1,20,000 டாலருக்கு விற்றதும், 2024இல் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலரைத் தொட்டதும் எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர் கைக்கு வருவதில் முக்கியமானவை ஒரு சான்றிதழும் அதை எப்படி ஒட்டுவது என்ற குறிப்புகளுமே என்பதையும், பழம் அழுகினால் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும், அப்படியானால் விற்கப்பட்டது எது என்பதையும் பேசியவர்கள் குறைவு. பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம்ப் கலைப்படைப்பாக முன்வைத்த 1917ஆம் ஆண்டுச் சிறுநீர்க்கலம் தொலைந்துபோய், இன்று அருங்காட்சியகங்களில் நிற்பவை பெரும்பாலும் 1964இல் செய்த பிரதிகள் என்பதோடு சேர்த்து இதை ஒரு கட்டுரையாக எழுதினேன். அனுப்பிய இதழில், விலையைத் தலைப்புக்குக் கொண்டுவந்து, கட்டுரையைப் பாதியாகக் குறைத்துத் தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். தரம் போதாமல் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை என்று இப்போது சிலர் சொல்லித் திரிகிறார்கள். என்னையும் அந்த இதழின் ஆசிரியரையும் தவிர வேறு எவரும் அதை இதுவரை படித்ததில்லை.