முதல் சோதனைக்கே சொந்தச் செயற்கைக்கோள் எதற்கு?

ஒரு உணரியையோ மின்பலகையையோ விண்வெளியில் சோதிக்க வேண்டும் என்றதும் நம் கல்லூரிக் குழுக்கள் நேராகக் கியூப்சாட் எனும் சிறு பெட்டி வடிவச் செயற்கைக்கோளைச் செய்யக் கிளம்பிவிடுகின்றன. இது தவறு என்றே சொல்வேன். சோதிக்க வேண்டியது ஒரே ஒரு பலகை. அதைச் சுமக்கச் சூரியத் தகடு, பேட்டரி, ரேடியோ, திசைக் கட்டுப்பாடு என்று எல்லாவற்றையும் முதன்முறையாகச் செய்கிறார்கள். ஆன்டெனா விரியவில்லை என்றால், பலகை வேலை செய்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது.

முதலில் எத்தனை நேரம் தேவை என்று கேளுங்கள். சில நிமிட எடையற்ற நிலை போதுமென்றால் மேலே போய்ச் சுற்றாமல் திரும்பி விழும் ஆய்வு ராக்கெட்டே போதும். வாரக்கணக்கில் வேண்டுமென்றால் போயம். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம் வேலை முடிந்தபின் வெறும் குப்பை; அதையே இஸ்ரோ போயம் என்ற சோதனை மேடையாக்கியது. மின்சாரம், தரவுத் தொடர்பு, திசை நிலைப்பு மூன்றும் மேடையிலேயே கிடைக்கும். 2022 ஜூனில் பி.எஸ்.எல்.வி.யின் சி53 பயணத்தில் 6 கருவிகள் போயின; 2024 டிசம்பர் 30 அன்று சி60-இல் 24. அவற்றில் ஒன்றில் காராமணி முளைத்து இலையும் விட்டது!

எல்லாவற்றுக்கும் போயம் பொருந்தாது. போயம்-3ஐ 650 கி.மீ.யிலிருந்து 350 கி.மீ.க்கு இறக்கினார்கள், குப்பையாகச் சுற்றக்கூடாது என்பதற்காக. 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்டது, மார்ச் 21 அன்று கடலில் விழுந்தது. சூரியத் தகடு கதிர்வீச்சில் எப்படித் தேய்கிறது என்று பார்க்க இந்தக் காலம் போதாது. உந்துபொறி சோதிப்பவர்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மில்லிநியூட்டன் விசை 4 கிலோ கியூப்சாட்டுக்கு ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 2.5 மி.மீ. என்ற அளவு வேகம் கூட்டும். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள மேடைக்கு அதில் 250-இல் ஒரு பங்குதான். பொறி எரிந்தது தெரியும், விசையை அளப்பது கடினம்.

எதில் போனாலும், ஏவுதலின் குலுக்கலைச் சோதிக்கும் அதிர்வு மேசையில் திருகுகள் தளரும். இறுக்கியபின் பசை வைத்துப் பூட்டுங்கள். அந்தப் பசை வெற்றிடத்தில் ஆவி விட்டால் லென்ஸில் படியும். மொத்த எடையிழப்பு 1%, படியும் ஆவி 0.1%, இந்த வரம்பைத் தாண்டும் பொருள் வேண்டாம். மூடிய பெட்டிக்குக் காற்று வெளியேறத் துளை போடுங்கள். ஏவும் தேதி முதன்மைச் செயற்கைக்கோளைப் பொறுத்தது, தள்ளிப்போகும். சொந்தப் பேட்டரி இருந்தால் அதற்குள் சார்ஜ் இறங்கிவிடாதா என்று பாருங்கள்.

ராக்கெட்டே தோற்கலாம்; அதனால் கருவியை இரண்டு செட் செய்யுங்கள், இரண்டையும் ஒரே அளவுக்குச் சோதியுங்கள். 2022 ஆகஸ்டில் இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் செயற்கைக்கோள்களை 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதில் 356-க்கு 76 கி.மீ. நீள்வட்டத்தில் விட்டது, மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட் செயற்கைக்கோள் அதோடு போயிற்று. பழகிய பி.எஸ்.எல்.வி.யே 2025 மே 18 அன்று சி61-இல் மூன்றாம் கட்டத்தில் சறுக்கியது.