டாக்கா ஆட்டத்தைச் 'சும்மா ஆட்டம்' என்று சொல்லாதீர்கள்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் இந்தியா டாக்காவில் பங்களாதேஷிடம் 1-0 என்று தோற்றது. அன்றிலிருந்து எங்கே எழுதினாலும் ஒரே பதில்தான் வருகிறது. "விடுங்க, ஏற்கெனவே வெளியே போயாச்சு, இது சும்மா ஆட்டம்தானே." எப்படி விடுவது? 11 ஆவது நிமிடத்தில் பங்களாதேஷின் மொர்சலின் கோல் அடித்தார். அதற்கப்புறம் கிட்டத்தட்ட 80 நிமிடம் கையில் இருந்தது. ஒரு கோலைத் திருப்பி அடிக்க முடியவில்லை. 22 வருடம் கழித்து பங்களாதேஷிடம் தோற்றிருக்கிறோம். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குகிற எந்த ஆட்டமும் எனக்குச் சும்மா ஆட்டம் இல்லை.

நமக்குக் கோல் அடிக்க ஆள் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் டாக்கா வரை ஐந்து ஆட்டம், இரண்டே கோல், ஒரு வெற்றிகூட இல்லை. எதிரே இருந்தது ஜப்பானும் ஈரானும் இல்லை; ஹாங்காங், சிங்கப்பூர், பங்களாதேஷ். குலுக்கலில் அந்தக் குழுவிலேயே தரவரிசையில் முன்னால் வைக்கப்பட்ட அணி நாம்தான். அக்டோபரில் கோவாவின் ஃபத்தோர்டாவில் நம் சாங்டே 14 ஆவது நிமிடத்தில் அடித்தபோது வீட்டில் எழுந்து நின்று கத்தினேன். சிங்கப்பூர் இரண்டு அடித்தது, 2027 ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்துபோனது. அதற்கு முந்தைய ஆசியக் கோப்பையில் கத்தாரில் மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட இல்லாமல் திரும்பி வந்தோம். 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99. 2025 நவம்பரில் 142.

கோல் அடிப்பவன் எங்கிருந்து வருவான்? நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2025 வரை 11 சீசன். அதிக கோல் அடித்தவருக்கான விருது அதில் ஒருமுறைகூட ஓர் இந்தியருக்குப் போகவில்லை. முதல் வருடம் எலானோ, அடுத்த வருடம் மெண்டோசா, இரண்டு பேரும் நம்ம சென்னையின் அணி. நானும் தொண்டை வறளக் கத்தியவன்தான். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் கோலுக்கு முன்னால் நிற்கும் இடத்தைப் பதினோரு வருடமாக வெளிநாட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டு, நாட்டுக்காக ஆடும்போது மட்டும் நம் பையனைப் பார்த்து "அடிடா" என்றால் எப்படி அடிப்பான்? கடைசியில் ஓய்வு பெற்றுப் போன முன்னாள் கேப்டன் சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட்டோம்.

"எல்லாம் கிரிக்கெட்டால் வந்தது" என்பவர்களுக்கு ஒரே பதில்தான். பங்களாதேஷிலும் கிரிக்கெட் பைத்தியம்தான்.

"இங்கிலாந்தில் வளர்ந்து பங்களாதேஷுக்கு ஆடுகிற ஹம்சா சௌதுரி மாதிரி வெளிநாட்டில் வளர்ந்தவர்களைக் கூட்டி வந்தால் சரியாகிவிடும்" என்பது அடுத்தது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நம் சட்டப்படி அவர்கள் அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் இந்தியாவுக்கு ஆட முடியும். ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு அப்படி வந்திருக்கிறார், பெரிய மனசு. இன்னும் நாலு பேர் வரட்டும், சந்தோஷம். ஆனால் 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில் வீட்டுக்குள் தேடாமல் வெளியே மட்டும் தேடுவது எனக்கு வலிக்கிறது.

என் அக்கா மகனுக்குப் பதிமூன்று வயது. பள்ளி அணியில் ஸ்ட்ரைக்கர். போன வருடம் ஒரு போட்டிக்கு நான்தான் பைக்கில் அழைத்துப் போனேன். விடியற்காலை நாலரைக்கே எழுந்து ஷூவைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாக்அவுட் முறை, பாதிக்குப் பதினைந்து நிமிடம். 1-0 என்று தோற்றார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது. வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது கேட்டான், "மாமா, அடுத்த மேட்ச் எப்போ?" அடுத்த வருடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது நிமிடம்! ஒரு வருடத்துக்கு அந்தப் பையனுக்குக் கிடைத்த போட்டி அவ்வளவுதான். பயிற்சி தினமும் இருக்கிறது, ஆட்டம் இல்லை. கோல் அடிக்கும் வித்தை ஆட்டத்தில்தான் வரும், கூம்பு வைத்துச் சுற்றி ஓடினால் வராது. பிள்ளைகளுக்கு ஆட்டம் கொடுங்கள். வாரம் ஒன்று, வருடம் முழுக்க.

டாக்கா ஆட்டம் நடந்தபோது பெரியவர்களுக்கே ஆட்டம் இல்லை. 2025 நவம்பர் ஆகியும் ஐ.எஸ்.எல். சீசன் தொடங்கவில்லை. லீக்கை நடத்த டெண்டர் விட்டார்கள், ஒருவரும் கேட்க வரவில்லை. சேத்ரி, கோல்கீப்பர் குர்பிரீத் எல்லாம் "எங்களை ஆடவிடுங்கள்" என்று பொதுவெளியில் எழுதினார்கள். அக்கா மகன் டீக்கடையில் கேட்ட அதே கேள்வி.

"நீ என்ன தேசத்துக்கு ஆடியவனா, வீரர்களைக் குறை சொல்ல?" என்று நேற்று ஒருவர் கேட்டார். ஆடியதில்லை. வீரர்களைக் குறையும் சொல்லவில்லை, மேலே போய் இன்னொரு முறை படியுங்கள். 2018 ஜூனில் மும்பை மைதானம் காலியாகக் கிடந்தபோது சேத்ரி ஒரு வீடியோ போட்டார். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து நான் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பார்க்கக் கூப்பிட்டார்கள், பார்த்தேன். திட்டலாம் என்றும் அவர்தானே சொன்னார்?

டாக்காவுக்கு அப்புறம் 2026 மார்ச்சில் ஹாங்காங்குடன் இன்னும் ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. அதையும் சும்மா ஆட்டம் என்றுதான் சொல்வீர்கள். இனி எந்த ஆட்டமானாலும் நான் பார்ப்பேன். அக்கா மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.