நிக்கியாஸின் தயக்கம் கிரகணத்துக்கு முந்தியது

கி.மு. 413 ஆகஸ்ட் 27 இரவில் நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணமே சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரை முற்றுகையிட்டிருந்த, நிக்கியாஸ் தலைமையிலான ஏதென்ஸ் படையை அழித்தது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பழியை நிலவின் மீது மட்டும் போடுவது சரியாகப்படவில்லை. அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் எழுதியுள்ளபடி, இரவுத் தாக்குதல் தோற்று, சதுப்பு நிலத்துப் பாசறையில் நோயும் பரவியபோதே, உடனே புறப்பட வேண்டும் என்று சக தளபதி டெமாஸ்தனிஸ் வற்புறுத்தியும், ஊர் திரும்பினால் ஏதென்ஸ் மக்கள் தண்டிப்பார்கள் என்று அஞ்சி நிக்கியாஸ் மறுத்துவிட்டார். எதிரிக்குப் புதிய படை வந்து சேர்ந்த பிறகே அவர் இணங்கினார். எல்லாம் ஆயத்தமான நிலையில்தான் கிரகணம் பிடித்தது. அப்போதும் அஞ்சியது அவர் மட்டுமல்ல. வீரர்களில் பெரும்பாலோரும் காத்திருக்கவே சொன்னார்கள். குறி சொல்வோர் விதித்த மூவொன்பது, அதாவது 27 நாள்கள் கழியும்வரை புறப்படுவதைப் பற்றிப் பேசவே கூடாது என்று நிக்கியாஸ் பிடிவாதமாக நின்றார்.

பூமியின் நிழலே நிலவை மறைக்கிறது என்ற கிரேக்கத் தத்துவஞானி அனக்சகோரஸின் விளக்கம் அதற்கு முன்பே ஏதென்ஸில் அறியப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. இடைப்பட்ட நாள்களில் சிராக்கூஸ் படையினர் கடற்போரில் வென்று, துறைமுக வாயிலில் கப்பல்களைக் குறுக்கே நங்கூரமிட்டு அடைத்தார்கள். தப்பியோடுவோருக்கு இருள் நல்ல சகுனமே என்று ஃபிலோகோரஸ் என்பவர் கூறியதாக வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் பிற்காலத்தில் எழுதினார். அந்தப் பாசறையில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.