வியட்நாம் போறவங்க ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சோத்தைச் சாப்பிடுங்க

இப்பெல்லாம் ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில பக்கத்துல உக்காந்திருக்கறவங்க வியட்நாம் போயிட்டு வந்ததைச் சொல்றாங்க. கேக்கவே சந்தோசமா இருக்குது. உலகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச நாடு அது. லீவு கிடைச்சா வேற ஊரை யோசிக்கவே மாட்டேன். அதனாலதான் மனசுல கிடக்கற ஒண்ணைச் சொல்லிடலாம்னு இந்தப் பதிவு.

"அங்க என்னங்க சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா, "அதுக்குக் கவலையே இல்லீங்க, டூர்காரங்களே மூணு வேளையும் நம்மூர்ச் சாப்பாடு போட்டுட்டாங்க"ங்கறாங்க. சில குழு இங்கிருந்தே சமையல்காரரைக் கூட்டிக்கிட்டுப் போகுது. ஹனோய்ல இட்லி, ஹாலோங் விரிகுடாவுல தயிர்சாதம், தனாங்ல சப்பாத்தி குருமா. வயசானவங்க, மருந்து மாத்திரையில இருக்கறவங்களுக்கு அது வேணும், அவங்களைச் சொல்லலை. நல்லா இருக்கறவங்க இப்படிப் போயிட்டு வர்றதைத்தான் என்னால ஏத்துக்கவே முடியலை. அத்தனை பணம் கட்டி, அத்தனை தூரம் பறந்து போயி, அந்த ஜனங்க கையால ஒரு கவளம் வாங்கித் திங்காம வர்றது பெரிய இழப்புங்க.

ஹனோய் பழைய நகரத்துல விடியக்காலம் வெளிய வந்து பாருங்க. நடைபாதை ஓரமா ஒரு அம்மா கூடையோட உக்காந்திருப்பாங்க. சூடு போகாம மேல துணி போட்டு மூடியிருக்கும். அதுதான் 'சோய் செயோ'. பசையரிசியை மஞ்சள் போட்டு ஊறவெச்சு ஆவியில வேகவெச்ச சோறு. துணியை விலக்கினா ஆவியோட மஞ்சள் வாசம் வரும். பக்கத்துலயே, தோல் நீக்கின பாசிப்பருப்பை வேகவெச்சு இடிச்சு, தேங்காய் அளவுக்குக் கெட்டியா உருட்டி வெச்சிருப்பாங்க. அந்த உருண்டையை ஒரு கையில எடுத்து, மறுகையில கத்தியால சீவுவாங்க. மெல்லிசு மெல்லிசா பருப்பு சோத்து மேல உதுந்து விழும். அதுக்கு மேல மொறுமொறுன்னு பொரிச்ச சின்ன வெங்காயம், ஒரு கரண்டி எண்ணெய். கோழிக்கொழுப்பு ஊத்தறவங்களும் உண்டு, வேண்டாம்னா கையைக் காட்டினாப் போதும். வாழையிலையில மடிச்சு கையில குடுத்துடுவாங்க.

அரிசி, பருப்பு, மஞ்சள், சின்ன வெங்காயம். அரிசிம்பருப்புச் சோத்துலயே வளர்ந்த நம்ம ஜனம் இதைத் தாண்டிப் போயி, ஓட்டல் மாடியில ஆறிப்போன உப்புமாவைத் திங்கறதை நெனச்சா எனக்கு நெசமாவே வருத்தமா இருக்குது.

"நாங்க கவிச்சி தொடமாட்டோமுங்க, எங்களுக்கு அங்க என்ன கிடைக்கும்?"னு கேக்கறவங்க அதிகம். அவங்களுக்காகவே இதை விரிவாச் சொல்றேன். பௌத்த வழக்கம் உள்ள வியட்நாம் வீடுகள்ல சந்திர மாசத்தோட முதல் நாளும் பதினஞ்சாம் நாளும், அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, நெறைய பேரு சைவம்தான் சாப்பிடுவாங்க. பலகையில 'சாய்' (Chay)னு போட்டிருந்தா அது சைவக்கடை. எல்லா ஊர்லயும் இருக்குது. 1802லிருந்து 1945 வரைக்கும் தலைநகரமா இருந்த ஹுவேயில சைவச் சமையல் தனிக் கலையாவே வளர்ந்திருக்குது. பலாக்காய், காளான், சோயாக்கட்டி, வாழைப்பூன்னு தட்டு நெறைஞ்சு வரும். சாதாரணக் கடையில மட்டும் கவனமா இருங்க. நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில மாசக்கணக்கா ஊறவெச்சு வடிக்கற மீன்சாறு அங்க கிட்டத்தட்ட எல்லாத்துலயும் விழும். சைவக்கடையில அதுக்குப் பதிலா சோயாச்சாறு.

எங்க பெரியம்மா சுத்தச் சைவம். அவங்களை ஹுவேக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வீடு வாசல்ல சின்ன மேசை போட்டு, பழம், பூ, சாப்பாடு வெச்சு, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. பெரியம்மா நடுரோட்டுலயே நின்னுட்டாங்க. "ஏங்கண்ணு, நம்மளாட்டமே இவிகளும் அமாவாசை கும்புடறாங்களா?" செத்தவங்களுக்குத் திதி பாத்து வருசாவருசம் சமைச்சுப் படைச்சு, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சோறு போடறதும் அங்க உண்டுன்னு சொன்னேன். அப்புறம் அவங்களே கடை தேடிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, என்னைய எதிர்பார்க்கலை.

ஃபோ பத்திச் சொல்லாம விடமுடியாது. எலும்பை மணிக்கணக்கா வேகவெச்ச சாறு, அன்னாசிப்பூ, பட்டை, நெருப்புல சுட்ட இஞ்சி, வெங்காயம், மேல அரிசி நூடுல்ஸ். மாட்டுக்கறி வேண்டாம்னா கோழி ஃபோ கேளுங்க. இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல வடக்க உருவான சாப்பாடு இது. 1954ல நாடு ரெண்டாப் பிரிஞ்சப்ப, தெக்க இடம்பெயர்ந்த லட்சக்கணக்கான ஜனங்களாலதான் சைகோன்ல, இப்ப ஹோ சி மின் நகரம்ங்கறாங்களே அங்க, பெருசாப் பரவுச்சு. அங்க போனதும் ஒரு தட்டு நெறையத் தழையும் முளைப்பயறும் கூடச் சேர்ந்துக்குச்சு. ஹனோய்க்காரங்க இன்னும் அதை ஏத்துக்கறதில்லை. ரெண்டு ஊர்லயும் சாப்பிட்டுப் பார்த்தாத்தான் அந்தச் சண்டை புரியும். எனக்கு ஹனோய் ஃபோதான்.

காப்பிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. காப்பி விளைச்சல்ல பிரேசிலுக்கு அடுத்த நாடு வியட்நாம். 1946ல பால் தட்டுப்பாடு வந்தப்ப, ஹனோய்ல நுயென் வான் ஜாங்னு ஒருத்தர் முட்டை மஞ்சக்கருவை நுரைக்க அடிச்சுக் காப்பி மேல ஊத்தினார். அவர் குடும்பத்துக் கடை இன்னும் நடக்குது.

ஹோய் ஆன் போனா அங்க மட்டுமே கிடைக்கற காவ் லாவ்ங்கற நூடுல்ஸைச் சாப்பிட்டுட்டு, சுமார் 40 கிலோமீட்டர்ல இருக்கற மீ சன் கோயில்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. சோழர் கட்டினதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நாலாம் நூற்றாண்டிலிருந்து அந்த மண்ணையே ஆண்ட சாம் இனத்து அரசர்கள் எழுப்பின சிவன் கோயில்கள் அது, பெரும்பாலும் செங்கல். 1969ல அமெரிக்கா குண்டு போட்டதுல பெரிய கோபுரம் போயிடுச்சு. 2020ல நம்ம தொல்லியல் துறை அங்க புனரமைப்பு வேலை செஞ்சப்ப, ஒன்பதாம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒண்ணு கிடைச்சுது. சாம் ஜனங்க இன்னும் பான் ராங் பக்கம் இருக்காங்க, அவங்க கோயில்ல காத்தே திருவிழா நடக்குது. அவங்க பெருமையை அவங்களுக்கே விட்டுக் குடுக்கறதுதான் மரியாதை.

நம்மாளுங்க கட்டின கோயில் சைகோன்ல இருக்குது. தமிழ் வணிகர்கள் கட்டின மாரியம்மன் கோயில், ட்ருவோங் தின் வீதியில. ஈரோட்டுல கம்பத்துக்குத் தண்ணி ஊத்தின கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்க போனா கும்பிடறவங்க பெரும்பாலும் வியட்நாம்காரங்க. சன்னதிக்குப் பின்னால கல்சுவத்துல நெத்தியை வெச்சு, முணுமுணுன்னு குறை சொல்லி அழுவாங்க. நம்ம மாரியாத்தாளை அவங்க அவங்க வழியில ஏத்துக்கிட்டாங்க. அவங்க சோத்தை நம்மளால ஒரு வேளை ஏத்துக்க முடியாதுங்களா?

ஓடி ஓடி அத்தனை ஊரும் பாக்கணும்னு இல்லீங்க. ஹனோய்ல மட்டும் ஒரு வாரம் இருக்கலாம். புடிச்சுப் போச்சுன்னா அடுத்த வருசமும் அங்கயே போகலாம். மூணாம் நாள் அதே கடைக்குப் போனா அந்தம்மா கேக்காமயே உங்களுக்குப் புடிச்சதை எடுத்து வெப்பாங்க. டெட் புத்தாண்டு சமயம் மட்டும் வேண்டாம், பாதிக் கடை அடைச்சிருக்கும்.

குழுவாத்தான் போகணும்னா, முன்பணம் கட்டறதுக்கு முன்னாலயே டூர்காரங்ககிட்டச் சொல்லிடுங்க: காலைச் சாப்பாடும் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடும் எங்களுக்கு வேண்டாம், நாங்களே வெளிய பாத்துக்கறோம், அந்தக் காசைக் கழிச்சுக்குங்கன்னு. பத்துப் பேரு சேர்ந்து கேட்டா ஒத்துக்குவாங்க.