வியட்நாம் போய் பட்டர் நானும் பனீரும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்

திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் வந்த பிறகு, நம் ஊர்க்காரர்கள் வியட்நாம் போவது சாதாரணமாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் போய்வந்தவர்கள் போடும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. தங்கப் பாலம் இருக்கும், ஹாலாங் விரிகுடா இருக்கும், ஹோய் ஆன் விளக்குகள் இருக்கும். சாப்பாட்டுப் படம் என்று வந்தால் பட்டர் நான், பனீர் மசாலா, தால். 'மூன்று வேளையும் இந்திய உணவு' என்று கொட்டை எழுத்தில் போட்டுத்தான் பேக்கேஜ் விற்கிறார்கள். நாமும் அந்த வரியைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியட்நாமியர்களின் பண்பாடு அருங்காட்சியகத்தில் இருப்பதைவிட அவர்கள் சாப்பிட உட்காரும் இடத்தில்தான் அதிகம் இருக்கிறது. பெரியவர்களை எப்படி மதிப்பது, பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு விட்டுவைப்பது, விருந்தாளியை எப்படி நடத்துவது எல்லாமே அங்கேதான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படுகிறது. அங்கே ஒருமுறைகூட உட்காராமல் திரும்பினால் மலையையும் கடலையும் பார்த்திருப்போம், மனிதர்களைப் பார்த்திருக்க மாட்டோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹனோய்க்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டில் மதியம் சாப்பிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது முன்னோர்களுக்கான பீடம். படங்கள், ஊதுபத்திக் கிண்ணம், பழம், பூ. தரையில் பாய் விரித்து நடுவில் ஒரு பெரிய வட்டத் தாம்பாளத்தை வைத்தார்கள். மண்சட்டியில் வற்றவைத்த மீன், தக்காளியோடு சமைத்த டோஃபு (சோயா பனீர்), உப்பில் ஊறிய சின்ன வெள்ளைக் கத்தரிக்காய், அவித்த வள்ளைக்கீரை. கீரை அவித்த தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. எலுமிச்சை பிழிந்து அதையே சூப்பாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு சின்னக் கிண்ணத்தில், தொட்டுக்கொள்ள மீன் சாறு.

பசியோடு இருந்த அந்த வீட்டுச் சிறுமி சோற்றைத் தொடவே இல்லை. முதலில் தாத்தாவை, அப்புறம் பாட்டியை, அப்பாவை, அம்மாவை, கடைசியாக என்னை, ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்து 'சாப்பிடுங்கள்' என்றாள். தாத்தா சாப்ஸ்டிக்கை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுத்தார்கள். வடக்குப் பகுதியில் இன்றும் பல வீடுகளில் இது தினசரிப் பழக்கம். தெற்கே, சைகோன் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) பக்கம், இவ்வளவு கறார் கிடையாது. ஆனாலும் பெரியவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பது எங்குமே மரியாதைதான். விருந்தாளியாகப் போகிற நாமும் காத்திருக்க வேண்டும்.

அங்கே ஒரு பழமொழி உண்டு: சாப்பிடும்போது பானையைப் பார், உட்காரும்போது திசையைப் பார். பானையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இன்னும் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று பார்த்து எடு. உன் வயதுக்கும் முறைக்கும் உரிய இடத்தில் உட்கார். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்தான் எல்லோருக்கும் பரிமாறுவார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களில் ஒருவராகத்தான் இருக்கிறார் என்பதையும் கவனித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நம் வீடுகளை வைத்துக்கொண்டு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நமக்குச் சங்கடம் தரும் இடம் ஒன்று இருக்கிறது. எச்சில். எல்லாப் பதார்த்தமும் பொது. எல்லோருடைய சாப்ஸ்டிக்கும் ஒரே தட்டுக்குள் போகும், ஒரே மீன் சாற்றுக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்வார்கள். இதைப் பார்த்ததுமே நம்மில் பலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கத் தேவையில்லை, ஏனென்றால் அவர்களிடமும் இதற்கு ஒழுங்கு இருக்கிறது. பொதுத் தட்டில் கிளறித் தேடக் கூடாது. உங்களுக்கு எதிரில் இருப்பதை எடுக்க வேண்டும். எடுத்ததை நேராக வாயில் போடாமல் உங்கள் கிண்ணத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். கடித்த துண்டை மறுபடி பொதுக் கிண்ணத்தில் தொடக் கூடாது. இன்னொருவருக்கு எடுத்து வைக்கும்போது சாப்ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து, வாயில் படாத முனையால் எடுப்பது பண்பு. வீட்டுக்காரர் ஒரு நல்ல துண்டைத் தேடி உங்கள் கிண்ணத்தில் வைத்தால், அது அன்பு. அதை ஒதுக்கி வைக்காதீர்கள். சாப்பிட முடியாத பொருள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சாப்ஸ்டிக் பற்றி ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சோற்றில் அதை நட்டுவைக்காதீர்கள். இறந்தவருக்கு வைக்கும் சோற்றில்தான் அப்படிச் செய்வார்கள், ஊதுபத்தி மாதிரியும் தெரியும். சாப்ஸ்டிக்கால் கிண்ணத்தைத் தட்டினால் பசித்த ஆவிகள் வரும் என்றும் ஒரு நம்பிக்கை. நம் பிள்ளைகள் தாளம் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கரண்டி கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவதுதான் அங்கே முறை.

கையாலேயே சாப்பிடுகிற பதார்த்தங்களும் உண்டு. பான் செயோ என்று ஒன்று. அரிசி மாவில் மஞ்சள் கலந்து, தெற்கே தேங்காய்ப் பாலும் சேர்த்து, நம் தோசை மாதிரி மொறுமொறுவென்று வார்ப்பார்கள். உள்ளே இறால், பன்றி இறைச்சி, முளைகட்டிய பயறு. அதைப் பிய்த்து, புதினா, துளசி வகைக் கீரைகளோடு லெட்யூஸ் இலையில் சுருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். இறைச்சி இல்லாமல் காளான் வைத்தும் செய்கிறார்கள்.

இப்போது சைவத்துக்கு வருகிறேன். 'அங்கே சைவம் எதுவும் கிடைக்காது, அதனால்தான் இந்திய உணவகம்' என்று சொல்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். சாதாரணக் கடையில் கீரைப் பொரியல் கேட்டாலும் அதில் மீன் சாறு இருக்க வாய்ப்பு அதிகம். நெத்திலி மாதிரி சின்ன மீனை மூன்று பங்கும் உப்பை ஒரு பங்குமாகப் போட்டு, ஏறக்குறைய ஓராண்டு மரப் பீப்பாயில் ஊறவைத்து இறக்குகிற சாறு அது. ஃபூ குவோக் தீவின் மீன் சாற்றுக்கு 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. அவ்வளவு பெருமைக்குரிய பொருள். ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பில் காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் அடியில் இருப்பது எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறுதான்.

மீதிப் பாதி என்னவென்றால், அந்த நாட்டுக்கே சொந்தமான சைவச் சமையல் ஒன்று இருக்கிறது. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும், அதாவது அமாவாசையை ஒட்டி, பௌர்ணமியிலும் இறைச்சி தொடமாட்டார்கள். இந்தச் சைவச் சாப்பாட்டை 'சாய்' என்று சொல்வார்கள். பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்தைப் பார்த்தால் தைரியமாக உள்ளே போகலாம். மீன் சாறு கிடையாது, பெரும்பாலும் முட்டையும் பாலும்கூட இருக்காது. கண்டிப்பான இடங்களில் வெங்காயம், பூண்டுகூட சேர்ப்பதில்லை. தட்டில் இறைச்சி போலத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். டோஃபுவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்வது. பழைய அரச தலைநகரான ஹுவே இந்தச் சமையலுக்குப் பேர்போன ஊர். வெங்காயம் பூண்டு தொடாத என் பெரியம்மா அங்கே தாமரை விதை போட்ட சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரை மூன்று வேளையும் தாலுக்கும் ரொட்டிக்கும் கூட்டிப்போயிருந்தால் அது அவருக்குச் செய்த நல்லதா?

அப்புறம், நேரம். நாம் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடக் கிளம்புகிறோம். அங்கே பல வீடுகளில் ஆறு, ஏழு மணிக்கே முடிந்துவிடும். தெருவோரக் கடைகள் பலவும் ஒரே ஒரு பதார்த்தம் செய்பவை. பானை காலியானால் கடை மூடிவிடும். ஃபோவை விடிகாலையில் சாப்பிடுங்கள். மதிய உணவை பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடும் ஊர் அது. சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்துக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். 2016-ல் அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா ஹனோயில் அப்படி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துதான் புன் சா (சுட்ட பன்றி இறைச்சியோடு அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டார். மேசையில் வைக்கும் ஈரத் துடைப்பானுக்குத் தனியாகச் சில்லறைக் காசு போடுவார்கள், அது ஏமாற்று இல்லை, வழக்கம். காசு கொடுக்கும்போது மட்டும் நோட்டை நன்றாகப் பாருங்கள். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம், இருட்டில் மாறிப்போகும்.

ஹோய் ஆனில் ஒரு உணவகத்தில் நம்மவர்கள் குழு ஒன்று, சாதத்தில் மீன் வாசம் வருகிறது என்று பரிமாறிய பெண்ணைச் சத்தம் போட்டுத் திட்டியதைப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். 'பாரு, சிரிக்கிறா' என்று இன்னும் கோபப்பட்டார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. சங்கடத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் வருகிற சிரிப்பு. வியட்நாமில் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தினால், திட்டு வாங்குகிறவரைவிடத் திட்டுகிறவருக்குத்தான் மரியாதை போகும். அன்று நம் எல்லோருக்கும் சேர்த்துப் போனது. எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

இன்னொன்று, வயதைக் கேட்டால் கோபப்படாதீர்கள். அறிமுகமான கொஞ்ச நேரத்திலேயே கேட்பார்கள். அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா என்று உறவுமுறை வைத்துத்தான் அவர்கள் யாரையும் அழைக்க முடியும். வயது தெரியாமல் பேச்சையே தொடங்க முடியாது. விரலை மேல்நோக்கி மடக்கி யாரையும் கூப்பிடாதீர்கள், உள்ளங்கை கீழே இருக்கும்படி அசையுங்கள். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையாலும் கொடுங்கள். சந்தையில் காலையில் முதல் ஆளாகப் போய் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் வராதீர்கள். முதல் போணி எப்படியோ அன்றைய வியாபாரமும் அப்படியே என்று அவர்களும் நம்புகிறார்கள். போணி கெட்டால் காகிதத்தைக் கொளுத்திச் சுற்றித் துரதிருஷ்டத்தை விரட்டுகிறவர்களும் உண்டு.

ஹனோயில் ஹோ சி மின் உடல் வைக்கப்பட்டிருக்கும் நினைவகத்துக்கு அரைக்கால் சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே பேச்சு கூடாது, படம் கூடாது, பாக்கெட்டில் கை கூடாது. ஹோ சி மின் நகரத்தின் போர் அருங்காட்சியகத்தில், வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நஞ்சால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படங்களுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பேச்சே வருவதில்லை. அந்த நகரத்தில் உங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பவரின் குடும்பத்திலேயே அந்தப் போரில் யாராவது செத்திருக்கலாம்.

அதே நகரத்தில், பென் தான் சந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் போனவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். 1975-ல் போர் முடிந்த பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். இன்று அந்தக் கோவிலில் கூட்டமாக நிற்பது வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும்தான். ஊதுபத்தி ஏற்றுகிறார்கள், கருவறைக்குப் பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். நம் வழிபாட்டு முறை அது இல்லை. ஆனால் நாம் விட்டுவிட்டு வந்த அம்மனை அவர்கள் விடவில்லை. அவர்களுடைய பகோடாவுக்கு, அதாவது பௌத்தக் கோவிலுக்கு, நாம் போகும்போது தோளை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு போவது ரொம்பப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

பேக்கேஜில் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப்போகிறவர்களுக்கு அதுதான் வசதி. பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரிடம் இதைக் கேளுங்கள்: ஹுவேயோ ஹனோயோ, ஒரு ஊரிலாவது உள்ளூர் சாய் உணவகத்தில் சாப்பாடு ஏற்பாடு செய்ய முடியுமா? ஒரு காலை உணவையும் ஒரு இரவு உணவையும் எங்கள் விருப்பத்துக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ள முடியுமா? கேட்கிறவர்கள் அதிகமானால் அவர்கள் மாறித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே போய்வந்தவர்கள், உங்களுக்குத் தெரிந்த நல்ல சாய் கடை எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.