ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள், என்ன நம்பர் வேண்டும் என்று

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜேர்சி அடிக்கிற விஷயமாகக் கூடியிருந்தோம். பதினாலு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்டக் குழு. கொழும்பில் வேலை செய்கிற எங்கள் தோட்டத்துத் தம்பிமார் நாலைந்து பேர் சேர்ந்து காசு அனுப்பியிருந்தார்கள். நிறம் முடிவாகிவிட்டது. கொலர் வேண்டுமா வேண்டாமா என்பதும் முடிவாகிவிட்டது. நம்பர் என்று வந்தபோது ஒரு தம்பி சொன்னார்: "அதென்ன அண்ணே பெரிய விஷயம், சின்ன சைஸ்ல இருந்து வரிசையா ஒண்ணு ரெண்டுன்னு பதினாறு வரைக்கும் அடிச்சிருவோம். வந்ததும் அளவு பார்த்துக் குடுத்துருவோம்."

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அந்த இடத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். நம்பரைப் பிள்ளைகள்தான் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, "உனக்கு என்ன நம்பர் வேணும்?" என்று கேட்க வேண்டும். அளவு பார்த்தோ வரிசை பார்த்தோ நாமாகக் கொடுத்துவிடக் கூடாது.

நான் பாடசாலைக் குழுவில் விளையாடியது 1995, 96 காலம். பாடசாலையில் இருந்தது ஒரேயொரு செட். விளையாட்டு அறை அலுமாரியில் மூட்டையாகக் கட்டிக் கிடக்கும். போட்டி அன்று காலையில் சேர் அதை மேசையில் அவிழ்த்துப் போடுவார். பெரிய அண்ணன்மார் முதலில் எடுப்பார்கள். 10, 9, 7 எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். எனக்கு மிஞ்சியது 13. பெரிய ஆளுக்குத் தைத்தது, எனக்கு முழங்கால் வரை வந்தது. காற்சட்டைக்குள் சொருகினால் நம்பரின் கீழ்ப்பாதி உள்ளே போய்விடும். ராசியில்லாத நம்பர் என்று வேறு சொன்னார்கள். இரண்டு வருடம் அதையே போட்டேன். போட்டி முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த 13 என்னுடையது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

அதே வருடங்களில் தோட்டத்திலும் எங்களுக்கென்று ஒரு குழு இருந்தது. ஜேர்சி வாங்கப் பணம் கிடையாது. ஹட்டன் டவுனில் ஒரே நிறத்தில் மஞ்சள் பெனியன் வாங்கிக்கொண்டு வந்தோம். நம்பர் அடித்துத் தந்தது மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) அண்ணன் ஒருவர். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து, பிளேடால் இலக்கங்களை வெட்டி எடுத்திருந்தார். வாசலில் பலகையைப் போட்டு, பெயின்ட் மறுபக்கம் ஊறாமல் இருக்கப் பெனியனுக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து, மேலே ஃபிலிமை வைத்து, ஸ்பொன்ஜ் துண்டால் கறுப்புப் பெயின்டைத் தொட்டுத் தொட்டு ஒற்றினார். அந்த ஃபிலிம் யாருடைய நெஞ்சோ தெரியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெட்டிய இலக்கங்களைச் சுற்றி விலா எலும்புகள் தெரியும்.

என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "ஒனக்கு என்னடா நம்பர்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வயது வரை என்னிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. சட்டையா, சப்பாத்தா, பாடமா, எல்லாமே யாரோ முடிவு செய்து என் கைக்கு வந்தவைதான். "சீக்கிரம் சொல்லு, பெயின்ட் காயுது" என்றார். விரலால் மண்ணில் இரண்டு மூன்று நம்பர்களை எழுதிப் பார்த்துவிட்டு 23 என்றேன். ஏன் 23 என்று இன்றைக்குக் கேட்டாலும் காரணம் கிடையாது. எழுதிப் பார்த்தபோது அழகாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்துக்குள் பெயின்ட் வெடித்து உதிர்ந்து, மஞ்சள் துணியில் வெறும் கறையாகிவிட்டது. ஆனாலும் அம்மா அந்தப் பெனியனை வெட்டிக் கைப்பிடித் துணியாக்கப் பார்த்தபோது அழுதுகொண்டு பிடுங்கி வைத்தேன். என் வயதுக்காரர்கள் சிலர் இன்றும் என்னை "இருபத்தி மூணு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்டியில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கிற வரைக்கும் யாரென்று தெரியாது, எங்கள் ஆள் ஒருவர் என்பது மட்டும் தெரியும்.

விளையாட்டில் நம்பர் வந்ததே பார்க்கிறவர்களின் வசதிக்காகத்தான். இங்கிலாந்தில் 1928 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சனலும் செல்சியும் லீக் போட்டிகளில் நம்பர் போட்டுக்கொண்டு இறங்கின. 1933 எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் எவர்ட்டன் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டி 12 முதல் 22 வரையும் போட்டன. அந்தக் காலத்தில் நம்பர் ஆளுக்குச் சொந்தமில்லை, நிற்கிற இடத்துக்குச் சொந்தம். நடுவில் நின்று கோல் அடிப்பவருக்கு 9, வலது ஓரத்தில் ஓடுபவருக்கு 7. ஆளோடு நம்பர் ஒட்டிக்கொண்டது மெல்ல மெல்லத்தான். 1974 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்து வீரர்களுக்குப் பெயரின் எழுத்து வரிசைப்படி நம்பர் கொடுத்தார்கள், யோஹான் க்ரைஃபுக்கு மட்டும் அவருடைய 14 கிடைத்தது. இன்டர் மிலானில் இவான் சமோரானோ போட்டிருந்த 9, பிரேசில்காரர் ரொனால்டோவுக்குப் போனது. சமோரானோ 18-ஐ எடுத்து, 1-க்கும் 8-க்கும் நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டுக்கொண்டார். கூட்டினால் 9. வளர்ந்த மனிதர், உலகம் அறிந்த வீரர், ஒரு நம்பரை விட மனமில்லாமல் அப்படிச் செய்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும்?

எங்கள் பக்கத்தில் நம்பர் ஆசை பெருகியது கிரிக்கெட்டால்தான் என்பது என் எண்ணம். 1996-இல் நாம் உலகக் கிண்ணத்தை வென்றபோது முதுகில் பெயர் மட்டும்தான் இருந்தது. உலகக் கிண்ணத்தில் நம்பர் வந்தது 1999-இல். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று. ஜயசூரியவுக்கு 7, சங்கக்காரவுக்கு 11, மஹேலவுக்கு 27, மாலிங்கவுக்கு 99. முரளிக்கு 8. கண்டிக்காரர், கட்டுகஸ்தோட்டையில் படித்தவர், தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன். அவர் 8 போட்டால் எங்கள் பிள்ளைகள் வேறு எதைக் கேட்பார்கள்? மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் ஒரே குழுவில் மூன்று 8 இருந்ததைப் பார்த்திருக்கிறேன். டெஸ்ட் சட்டையில் நம்பர் போடத் தொடங்கியது 2019-இல்தான். 2010-இல் காலி நகரில் அவர் 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் எதுவுமே இல்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் லயத்தில் டீவி பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அதில் 8 தெரிந்தது.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நம்பர் புதிய சாமான் கிடையாது. 1900களின் தொடக்கத்தில் டின் டிக்கட் என்று ஒரு முறை இருந்தது. இந்தியாவிலிருந்து வருகிறவருக்கு எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று இலக்கம் பொறித்த ஒரு தகரத் துண்டைக் கொடுப்பார்கள். அவருடைய வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதுதான் அடையாளம். எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு ஏறி வந்ததே ஒரு நம்பரோடுதான். வந்த பிறகு செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில், ஒரு நம்பர், லயத்தில் காம்பராவுக்கு, அதாவது குடியிருக்கிற அறைக்கு, ஒரு நம்பர், கொழுந்து எடுக்கிற மலைக்கு ஒரு நம்பர், ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிக்கு ஒரு நம்பர். என் அம்மாவின் செக்ரோல் நம்பர் 112. கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசை நகர நகர அம்மா அந்த நம்பரைச் சொல்வதைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தலையில் கயிறு, முதுகில் கூடை, காலில் அட்டை கடித்த இரத்தம், வாயில் "நூத்திப் பன்னெண்டு". எந்த நம்பர் வேண்டும் என்று அம்மாவிடம் யாரும் கேட்டுவிட்டு அதைக் கொடுக்கவில்லை. பேர் பதிந்த அன்று ஏட்டில் எது காலியாக இருந்ததோ அது. ஓய்வு பெறும் வரை அதுதான்.

இந்த வரிசையில், விளையாடப் போகிற பிள்ளையின் முதுகுக்கும் நாமே சைஸ் பார்த்து ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டால், பிறகு எப்போதுதான் கேட்பது? கூட்டத்தில் நான் சத்தமாகப் பேசியதற்குக் காரணம் இதுதான். அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று நினைத்தார்.

இதைவிட மோசமானதையும் பார்த்தாகிவிட்டது. ஒரு தேர்தல் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேட்பாளர் ஜேர்சி கொடுத்தார். நல்ல துணி. முன்னால் அவருடைய படம். பின்னால் நம்பர், பதினைந்து ஜேர்சியிலும் ஒரே நம்பர். அவருடைய விருப்பு இலக்கம், வாக்குச்சீட்டில் அவருக்கு விருப்பு வாக்குப் போடுவதற்கான நம்பர். பிள்ளைகளுக்குப் புதுத் துணி கிடைத்த சந்தோஷம், எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். முதல் போட்டியில் ஒரு பையனுக்கு மஞ்சள் அட்டை காட்டிய நடுவர் எழுத நம்பரைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் முதுகிலும் அதே. போட்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் ஜேர்சியைக் கழற்றி உட்புறம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, மார்க்கர் பேனாவால் ஒருவர் முதுகில் ஒருவர் நம்பர் எழுதிக்கொண்டார்கள். மழைத் தூறலில் அந்த மை ஓடியது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நாங்களும் அதை வாங்கிக் கொடுத்தவர்கள்தானே என்ற வருத்தமும் போகவில்லை.

எல்லா விளையாட்டிலும் இஷ்டப்பட்ட நம்பர் போட முடியாது, அது சரிதான். ரக்பியில் 9 என்றால் ஸ்க்ரம் ஹாஃப், 15 என்றால் ஃபுல்பேக். அதை மாற்றச் சொல்லி கண்டிப் பிள்ளைகளிடம் போய் யாரும் சண்டை பிடிக்க முடியாது. வலைப்பந்தில் நம்பரே இல்லை, எழுத்துதான். எங்கள் பிள்ளைகள் ஆடுவது உதைபந்து. அதில் அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. செலவும் கூடாது. முன்பு போல நம்பரைத் துணியில் வெட்டித் தைக்கிற வேலை இப்போது இல்லை. கணினியில் வரைந்து, தாளில் அச்சடித்து, சூட்டில் துணிக்கு ஏற்றுகிறார்கள். 4 அடித்தாலும் 74 அடித்தாலும் ஒரே விலை. அச்சடிக்கிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடைசியில் கேட்கலாம் என்று முடிவானது. அன்று மாலையே கோயில் முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அந்தத் தம்பிதான் கொப்பியில் எழுதினார். நாலு பேர் 10 கேட்டார்கள், மூன்று பேர் 7. நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டோம். அரை மணித்தியாலம் பிடித்தது. 10 கேட்டவர்களில் ஒருவன் 70-க்குப் போனான், 7 கேட்டவர்களில் ஒருவன் 17-க்கு. சமோரானோ கதையைச் சொன்னேன். 7 கிடைக்காத மூன்றாமவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமா, அப்ப எனக்கு 25 போட்டு நடுவுல கூட்டல் போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டான். அச்சடிக்கிறவரிடம் இதையும் கேட்டாயிற்று. முடியுமாம்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து 146 என்றான்.

"மூணு இலக்கம் போட முடியாதுப்பா."

"அம்மா நம்பர் மாமா."

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரி, 46 போடுங்க. முன்னுக்கு ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும்தானே" என்றான். கொப்பி எழுதிக்கொண்டிருந்த தம்பி பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார், அப்புறம்தான் எழுதினார். அவருடைய அம்மாவும் மலைக்குப் போகிறவர்தான். பதினைந்து வயதில் எனக்கு 112 தோன்றவேயில்லை. அம்மா இப்போது இல்லை.

கொப்பியில் பதினைந்து நம்பர் எழுதியாயிற்று. ஒன்று மட்டும் இன்னும் காலி. அது எங்கள் கோல்காப்பாளருடையது. குழுவில் இருக்கிற ஒரே பெண்பிள்ளை. பாடசாலையில் வலைப்பந்து ஆடுகிறவள், அங்கே இதுவரை போட்டதெல்லாம் ஜீ.கே. (கோல் கீப்பர்) என்ற எழுத்துத்தான். கோல்காப்பாளர் என்றால் 1 தானே என்று பையன்கள் சொன்னார்கள். அவள் தலையாட்டவில்லை. நம்பர் போடுவது இதுதான் முதல் தடவை, யோசித்துத்தான் சொல்வேன் என்றாள். வியாழக்கிழமை வரை டைம் கேட்டிருக்கிறாள். அச்சடிக்கிறவரிடம் வெள்ளிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.